ஒரே பாட்டு, ஏழெட்டு வெர்ஷன்: டான்ஸ் மியூசிக்கில் எது எதற்கு, எப்படித் தேர்ந்தெடுப்பது

சிங்கப்பூரில் கிளார்க் கீ பக்கம் ஒரு சின்ன கிளப்பில் இரண்டு மணி நேரம் பாட்டுப் போட எனக்கு முதன்முதலில் வாய்ப்புக் கிடைத்தபோது, முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து அவசர அவசரமாக நாற்பது டிராக் வாங்கினேன். தேடியதும் மேலே எது வந்ததோ அதையே வாங்கினேன், அதில் பாதிக்கு மேல் ரேடியோ எடிட், அதாவது வானொலிக்காகச் சுருக்கியது. மறுநாள் பதினோரு மணி, ஆடுகிற இடம் நிறைந்திருக்கிறது, அடுத்த பாட்டைக் கலக்கப் போனால் நாலாவது நொடியிலேயே அதில் குரல் வந்துவிட்டது, ஓடிக்கொண்டிருந்த பாட்டிலும் குரல் முடியவில்லை, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழ, நான் பதறி ஒன்றை இறக்கியதும் ஆட்டத்தைத் தாங்கும் அடித்தாளமான கிக் டிரம்மும் சேர்ந்து போய்விட்டது. தூக்கியிருந்த கைகள் எல்லாம் இறங்கின. அந்தப் பத்து நொடி இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

நான் எடுத்த பாட்டுகள் நல்ல பாட்டுகள்தான். அதே பாட்டுகளின் வேறு வெர்ஷன் கையில் இருந்திருந்தால் அந்த இரவு நன்றாகப் போயிருக்கும். ஒரு வாரம் சமூக மன்றத்தில் கல்யாண வரவேற்பு, அடுத்த வாரம் நண்பர்கள் நடத்தும் ஹவுஸ் நைட் என்று இரண்டு பக்கமும் ஓடுகிற நம் ஊர்த் தமிழ் டீஜேக்கள், இப்போதுதான் பாட்டைக் கலக்கும் கன்ட்ரோலர் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு வெர்ஷனும் யாரோ ஒருவருடைய வேலைக்காகச் செய்யப்பட்டது. அந்த ஆள் யார் என்று தெரிந்தால் எதை எடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில், இத்தனை வெர்ஷன் ஏன் வந்தது

1970களின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்ட்டன் என்பவர், ஆடுகிறவர்கள் சூடு பிடிக்கும் நேரத்தில் மூன்று நிமிடப் பாட்டு முடிந்துவிடுவதைப் பார்த்து, பாட்டுகளை நீட்டிக் கலக்க ஆரம்பித்தார். ஒரு நாள் சோதனை இசைத்தட்டு வெட்டப் போன இடத்தில் 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருக்க, பெரிய தட்டில் வெட்டினார்கள். இடம் கூடியதால் பள்ளங்களை அகலமாக, இடைவெளி விட்டு வெட்ட முடிந்தது, அதனால் சத்தமும் பேஸும் கூடியது. 12 அங்குல சிங்கிள் அங்கிருந்துதான் வளர்ந்தது. 1976ல் சால்சோல் இசை நிறுவனம், டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பெர்சென்ட்’ பாட்டை வால்டர் கிப்பன்ஸ் என்ற டீஜேயிடம் கொடுத்து ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீட்டி 12 அங்குலத்தில் கடைக்கு அனுப்பியது. அதுவரை டீஜேக்களுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த பெரிய தட்டு பொதுமக்கள் கைக்கு வந்தது அப்போதுதான். வானொலிக்கு ஒன்று, ஆடுகிற இடத்துக்கு ஒன்று என்ற பிரிவு அன்று முதல் இன்று வரை இருக்கிறது.

இன்னொரு வேர் ஜமைக்கா. அங்கே பாட்டில் குரலை எடுத்துவிட்டுத் தாளத்தையும் பேஸையும் மட்டும் தட்டின் மறுபக்கத்தில் போடுவார்கள், அதற்கு ‘வெர்ஷன்’ என்றே பெயர். கிங் டப்பி போன்ற ஒலிப் பொறியாளர்கள் அதில் எதிரொலியும் ரிவெர்ப்பும் சேர்த்துக் குரலின் துண்டுகளை மட்டும் மிதக்க விட்டார்கள். டப் மிக்ஸ் அங்கிருந்து வந்தது.

பெயரைப் படிப்பது

டிராக் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அந்த இரண்டு மூன்று வார்த்தைகள்தான் உங்களுக்கு முக்கியம். பலர் அதைப் பார்க்காமலே பட்டனை அழுத்திவிடுகிறார்கள்.

ரேடியோ எடிட் பெரும்பாலும் மூன்று, மூன்றரை நிமிடம். ஒலி 96.8 மாதிரி ஒரு நிலையத்தில் செய்திக்கும் விளம்பரத்துக்கும் நடுவே உட்கார வேண்டிய பாட்டு, அதனால் கேட்பவர் நிலையத்தை மாற்றுவதற்குள் குரல் வந்துவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மணமக்கள் உள்ளே நடந்து வரும்போது, கேக் வெட்டும்போது, குழந்தைகள் மேடையில் ஆடும்போது இதுதான் சரியான ஆள். நீளமானதைப் போட்டால் பாடகர் வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.

எக்ஸ்டெண்டட் மிக்ஸ் டீஜேக்காகவே செய்தது. ஐந்து முதல் ஏழு நிமிடம், ஆரம்பத்திலும் முடிவிலும் வெறும் தாளம். ஒரு கணக்கு சொல்கிறேன், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 பீட்) நான்கு பீட் கொண்ட ஒரு பார் 1.875 நொடி. 8 பார் 15 நொடி, 16 பார் அரை நிமிடம், 32 பார் சரியாக ஒரு நிமிடம். எக்ஸ்டெண்டட் மிக்ஸில் 16 அல்லது 32 பார் இண்ட்ரோ, அதாவது தொடக்கப் பகுதி, வழக்கம், அதாவது அடுத்த பாட்டைக் கேட்டுப் பார்த்து, பேஸை மாற்றி, மெதுவாக உள்ளே கொண்டுவர அரை நிமிடமாவது, சில நேரம் முழு நிமிடமும் கிடைக்கும். டிரம் அண்ட் பேஸ் போடுகிறவர்களுக்கு இது சுருங்கும், 174 பிபிஎம்மில் அதே 32 பார் 44 நொடிதான். கிளப் மிக்ஸ் என்று இருந்தால் அதுவும் நீளமாகத்தான் இருக்கும், ஆனால் அதில் வெறும் நீட்டலோடு நிற்காமல் டிரம்மையும் பேஸையுமே ஆடுகிற இடத்துக்கு ஏற்ப மாற்றியிருப்பார்கள். ஒரிஜினல் மிக்ஸ் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். டெக்னோ, ஹவுஸ் லேபிள்களில் (இசை நிறுவனங்களில்) அது ஏழு நிமிட முழு டிராக்காக இருக்கும், பாப் பக்கம் சாய்ந்த லேபிளில் அதே பெயர் மூன்று நிமிடத்திலும் வரும். நீளத்தைப் பாருங்கள்.

டப் மிக்ஸைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் இதைத் தொடுவதே இல்லை, எனக்கோ இதுதான் செல்லம். குரல் அநேகமாக இருக்காது, ஒரு சொல், ஒரு ‘ஹே’, அவ்வளவுதான் எதிரொலியோடு வந்து போகும். மிச்சம் முழுக்கத் தாளமும் பேஸும். அதன்மேல் வரவேற்பு நடத்தும் அறிவிப்பாளர் பேசலாம், ஒரு தமிழ்ப் பாட்டின் குரலை மட்டும் எடுத்து உட்கார வைக்கலாம், உருமியோ பறையோ வாசிக்கிற நண்பரை மேலே வாசிக்க விடலாம். இன்ஸ்ட்ருமென்டலும் குரல் இல்லாததுதான், ஆனால் அதில் மெலடி முழுதாக இருக்கும், அதனால் வேறு குரலை மேலே வைத்தால் சுருதி மோதும். டப்பில் இடம் காலியாக இருக்கிறது. அகாபெல்லா இதற்கு நேர் எதிர், குரல் மட்டும்.

ரீமிக்ஸ் என்றால் மூலப் பதிவின் தனித்தனி ஒலித்தடங்களை வாங்கி, வேறொருவர் உரிமையோடு புதிதாகக் கட்டியது. மூலத்தைவிட அது பெரிதாகப் போவதும் உண்டு. எவ்ரிதிங் பட் த கேர்ள் குழுவின் ‘மிஸ்ஸிங்’ 1994ல் வந்தபோது பெரிய ஓட்டம் இல்லை, டாட் டெர்ரி செய்த ரீமிக்ஸ்தான் 1995ல் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. எடிட், ரீ-எடிட் என்றால் புதிய இசை அதிகம் சேர்க்காமல் இருப்பதையே வெட்டி ஒட்டி வரிசை மாற்றியது. விஐபி மிக்ஸ் என்றால் பாட்டைச் செய்தவரே தன் பாட்டை மறுபடி திறந்து மாற்றியது. லண்டன் ஜங்கிள் இசை உலகத்திலிருந்து வந்த பழக்கம் இது, தயாரிப்பாளர்கள் தங்களுக்கும் நெருங்கிய டீஜேக்களுக்கும் மட்டும் டப்பிளேட் என்ற மென்மையான தட்டில் வெட்டிக்கொள்வார்கள், சில பத்துத் தடவை ஓட்டினாலே அது தேய்ந்துவிடும். கூட்டத்துக்குத் தெரிந்த பில்டப் (படிப்படியாக ஏறும் பகுதி), ஆனால் டிராப் (ஏறி முடிந்ததும் தாளம் முழுசாக வரும் இடம்) வேறாக வந்து விழும், அதுதான் விஐபியின் ருசி. பூட்லெக் என்றால் அனுமதி இல்லாமல் செய்தது, மேஷ்அப் இரண்டு பாட்டை ஒன்றாக்கியது. கிளீன் என்று போட்டிருந்தால் கெட்ட வார்த்தை நீக்கியது, தாத்தா பாட்டி உட்கார்ந்திருக்கும் சபைக்கு இது கட்டாயம். ரீமாஸ்டர் என்பது அமைப்பைத் தொடாமல் ஒலியைப் புதுப்பித்தது மட்டுமே.

நிகழ்ச்சியை வைத்துப் பட்டியல் போடுவது

வாங்கும் முன் ஒரு தாளை எடுங்கள். நிகழ்ச்சியை மணி வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் யார் முக்கியம் என்று எழுதுங்கள். மணமக்கள் வருகை, முக்கியம் அவர்கள், ரேடியோ எடிட். சாப்பாட்டு நேரம், முக்கியம் பேச்சு, இன்ஸ்ட்ருமென்டல் அல்லது டப், அதுவும் மெதுவான பிபிஎம்மில். பாட்டுக் கேட்டு வருகிற மாமாக்கள், சித்திகள், அவர்களுக்குத் தெரிந்த பல்லவி உடனே வர வேண்டும், மறுபடியும் குட்டை வெர்ஷன். அப்புறம் கடைசி முக்கால் மணி நேரம், பசங்களெல்லாம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரும் நேரம், அங்கேதான் எக்ஸ்டெண்டட் மிக்ஸும் விஐபியும். வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடப்பது என்றால் இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள்: மேலே குடும்பங்கள் தூங்க வேண்டும், இரவு பத்து நெருங்கும்போது நிறுத்தச் சொல்வார்கள். ஏழு நிமிட டிராக்கின் நடுவில் அப்படி வெட்டுப்படுவது எல்லாருக்கும் கசக்கும். கடைசி இரண்டு பாட்டுக்கும் குட்டை வெர்ஷனைத் தனியாகக் கையில் வைத்திருங்கள்.

கிளப் இரவு என்றால் இந்தப் பட்டியல் சின்னதாகிவிடும், ஏறத்தாழ எல்லாமே நீளமானவைதான். ஆனால் முழுப் பையும் எக்ஸ்டெண்டட் மிக்ஸாக இருந்தால் செட் இழுக்கும். பத்துக்கு ஒன்று குட்டை வெர்ஷனாக வந்து போகட்டும்.

வாங்கும் முன் கேட்கும் முறை

டிராக் விற்கும் பீட்போர்ட் தளத்தில் ஒலியின் அலைவடிவப் படத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஆரம்பம் மெலிந்து, படிப்படியாகத் தடித்து, நடுவில் ஒரு பள்ளம், மறுபடி மேடு, கடைசியில் மெலிவது என்றால் அது டீஜேக்கான வெர்ஷன். முதல் நொடியிலிருந்தே தடித்திருந்தால் ரேடியோ எடிட். பேண்ட்கேம்ப் என்ற இன்னொரு தளத்தில் பெரும்பாலும் முழுப் பாட்டையும் கேட்க விடுவார்கள், அங்கே கேட்டு முடிவெடுப்பது எனக்குப் பிடிக்கும்.

கேட்கும்போது நான் நான்கு இடத்தை மட்டும் தொட்டுப் பார்ப்பேன். முதல் கிக் எங்கே விழுகிறது, முதல் குரல் எங்கே வருகிறது, கடைசிக் குரல் எங்கே முடிகிறது, அதற்கு அப்புறம் எத்தனை பார் தாளம் மிச்சம். முதல் குரலுக்கு முன்னால் 16 பாரும் கடைசிக் குரலுக்குப் பின்னால் 16 பாரும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். முன்னால் இருந்து பின்னால் இல்லையென்றால், டப் மிக்ஸ் தனியாக விற்கிறார்களா என்று பாருங்கள், முடிவுப் பகுதியில் அதற்குத் தாவிக்கொள்ளலாம், பிபிஎம்மும் சுருதியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

ரீமிக்ஸ் வாங்கும்போது பிபிஎம்மும் சுருதியும் மூலத்திலிருந்து மாறியிருக்கலாம், அதைக் கவனியுங்கள். வேகத்தை ஏறத்தாழ 6 சதவீதம் மாற்றினால் சுருதி அரை ஸ்வரம் நகரும். சுருதியைப் பிடித்து வைக்கும் கீ லாக் போட்டால் நகராது, ஆனால் அதிகம் இழுத்தால் குரல் கரகரக்கும். 128ல் இருப்பதை 124க்கு இறக்குவது 3 சதவீதம்தான், யாருக்கும் தெரியாது. 128ஐ 112க்கு இறக்கப் பார்க்காதீர்கள், அந்த வேகத்திலேயே செய்த வேறு ரீமிக்ஸைத் தேடுங்கள்.

தயவுசெய்து யூடியூபிலிருந்து உருவி எடுக்காதீர்கள். வீட்டு ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம், பெரிய சப்-வூஃபரில் பேஸ் வழவழவென்று இருக்கும், சிம்பல் சலசலக்கும். ஒரு தட்டு கோழிச்சோற்றின் விலைக்குள் ஒரு டிராக் கிடைத்துவிடும், செய்தவருக்கும் ஏதோ போய்ச் சேரட்டும்.

பெயரிட்டு வைப்பது

இது அலுப்பான வேலை, ஆனால் இருட்டில் காப்பாற்றுவது இதுதான். ஒரே பாட்டின் மூன்று வெர்ஷன் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும், சின்னத் திரையில் பெயரின் வால் வெட்டுப்பட்டுவிடும், எது எது என்று தெரியாது. அதனால் பாட்டுகளை அடுக்கி வைக்கும் ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளில் கருத்துப் பகுதியில் ஒரு குறியீடு வையுங்கள். நான் எழுதுவது இப்படி: இண்ட்ரோ 32, அவுட்ரோ (முடிவுப் பகுதி) 16, குரல் உண்டு. ஒரு பட்டனில் குறித்த இடத்துக்குத் தாவ வைக்கும் ஹாட் கியூவில் முதல் இரண்டை எல்லாப் பாட்டிலும் ஒரே அர்த்தத்தில் வையுங்கள். எனக்கு ஏ என்றால் முதல் கிக், பி என்றால் அடுத்த பாட்டைக் கொண்டுவர ஆரம்பிக்க வேண்டிய இடம். கை தானாகப் போகும்.

ஃபைல் வகையில் எம்பி3 என்றால் 320 கேபிபிஎஸ்ஸைவிடக் குறைந்ததை எடுக்காதீர்கள். வேவ் நல்ல ஒலி, ஆனால் பாட்டின் விவரங்களை ஒழுங்காகச் சுமக்காது, பழைய சிடிஜேக்களில் (கிளப்பில் இருக்கும் டீஜே பிளேயர்) பெயரே வராமல் போகலாம். நான் ஏஐஎஃப்எஃப் வாங்குகிறேன், ஒலியும் அதே தரம், பெயரும் கூடவே வரும். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும், அவ்வளவுதான் கஷ்டம்.

இல்லாத வெர்ஷனை நீங்களே செய்வது

சினிமாப் பாட்டுக்கு அநேகமாக யாரும் எக்ஸ்டெண்டட் மிக்ஸ் விற்பதில்லை. அதனால் ஏபிள்டன் லைவ் அல்லது உங்களிடம் இருக்கும் எந்த எடிட்டரிலாவது கற்றுக்கொள்ள வேண்டியதுதான். பாட்டை உள்ளே போட்டதும் பிபிஎம்மைச் சரிபாருங்கள். சாஃப்ட்வேர் சொல்வதை நம்பாமல் முதல் பீட்டையும் மூன்றாவது நிமிடத்தில் ஒரு பீட்டையும் மெட்ரோனோமோடு வைத்துக் கேளுங்கள். இப்போதைய பாட்டுகள் கம்ப்யூட்டர் தாளத்தில் செய்தவை, எடிட்டரின் தாளக் கட்டத்தில் அப்படியே உட்காரும். 1980களின் இளையராஜா பாட்டுகளில் பெரும்பாலும் ஆட்கள் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள், வேகம் கொஞ்சம் மூச்சு விடும், எட்டு பாருக்கு ஒரு முறையாவது வார்ப் குறி (பீட்டை நகர்த்திப் பொருத்தும் குறி) வைத்துக் கட்டத்துக்கு இழுக்க வேண்டும். ஒவ்வொரு பீட்டுக்கும் வைக்காதீர்கள், பாட்டின் உயிர் போய்விடும்.

அடுத்து, பாட்டில் குரலோ மெலடியோ இல்லாத இடம் 4 பார், 8 பார் இருக்கிறதா என்று தேடுங்கள். அதை வெட்டி முன்னால் நான்கு முறை ஒட்டினால் இண்ட்ரோ வந்துவிட்டது. அப்படியே விட்டால் தேய்ந்த தட்டு மாதிரிக் கேட்கும், அதனால் முதல் 8 பாரில் உயர்ந்த அதிர்வெண்களை வடிகட்டி மெதுவாகத் திறவுங்கள், 16வது பாரில் கைதட்டல் ஒலியோ ஹை-ஹாட்டோ சேருங்கள். அப்படி ஓர் இடமே இல்லையென்றால் குரலையும் தாளத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஸ்டெம் வசதியைப் பயன்படுத்துங்கள், செராட்டோ, ரெக்கார்ட்பாக்ஸ், வெர்ச்சுவல் டீஜே எல்லாவற்றிலும் வந்துவிட்டது. பிரித்த குரல் தனியாகக் கேட்டால் நீருக்குள் இருந்து வருவது போல் இருக்கும், ஆனால் கீழே தாளம் ஓடினால் அந்தக் குறை தெரியாது. முடிவுக்கும் இதே வேலைதான். கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது மூலத்தைவிடச் சத்தமாக்கப் பார்க்காதீர்கள்.

இப்போது நம் பிரச்சினை. குத்துப் பாட்டில் பெரும்பகுதி திஸ்ர நடை, ஒரு பீட்டுக்குள் மூன்று. ஹவுஸ் சதுஸ்ர நடை, ஒரு பீட்டுக்குள் நான்கு. பிபிஎம்மைச் சரியாகப் பொருத்தி இரண்டையும் சேர்த்தாலும் கிக் மட்டும் ஒன்றாக விழும், உள்ளே இருக்கும் ஹை-ஹாட்டும் உருமியும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். பலர் இதைத் தங்கள் பீட்-மேட்ச் தவறு என்று நினைத்து வீலைத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். போதாததற்கு, திஸ்ர நடைப் பாட்டுக்கு சாஃப்ட்வேர் பிபிஎம்மை ஒன்றரை மடங்காகவோ முக்கால் பங்காகவோ காட்டிவிடும், கையால் தட்டித்தான் திருத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிக்கும் பேஸும் மட்டும் இருக்கிற, ஹை-ஹாட் இல்லாத 16 பார் பகுதி வேண்டும். டப் மிக்ஸில் அது அநேகமாகக் கிடைக்கும். டப்பை ஓட்டி, ஹை-ஹாட் நின்று வெறும் கிக் வரும் இடத்தில் குத்தை உள்ளே விடுங்கள். கூட்டத்துக்கு நடை மாறியது தெரியாது, கால் தெரிந்துகொள்ளும். நான் இதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது, நீங்கள் இன்று ராத்திரியே செய்து பாருங்கள்.

உரிமை

சிங்கப்பூரில் பொது இடத்தில் பாட்டு ஒலிக்க உரிமம் வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் தரப்பில் அதைக் கொடுப்பது காம்பஸ் என்ற சங்கம். பதிப்புரிமைச் சட்டம் 2021, அந்த ஆண்டு நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்தது, அதில் ஒலிப்பதிவைப் பொதுவில் ஒலிக்கவிடுவதற்கும் பதிவு உரிமையாளருக்குப் பணம் சேர வேண்டும் என்று வந்துவிட்டது. கிளப்பும் ஹோட்டலும் வழக்கமாகத் தாங்களே உரிமம் வைத்திருப்பார்கள், ஆனால் மண்டபம் எடுக்கும்போது இது யார் பொறுப்பு என்று கேட்டுவிடுங்கள். ஒலிக்கவிடும் உரிமம் இருப்பதால் பாட்டை வெட்டி ஒட்டி வெளியிடும் உரிமை வந்துவிடாது, அது தனி. நீங்கள் செய்த எடிட்டை சவுண்ட்கிளவுடில் ஏற்றினால் நீக்கப்படலாம், விற்றால் கண்டிப்பாகச் சிக்கல்.

பூட்லெக்கில் தொடங்கி நேர்வழிக்கு வந்த கதையும் இருக்கிறது. சூசன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ வெறும் குரலாக 1987ல் ஆல்பத்தில் வந்தது. டிஎன்ஏ என்ற பிரிட்டிஷ் இரட்டையர் கேட்காமலே அதற்கு அடியில் தாளம் வைத்துத் தட்டு போட்டார்கள், வழக்குப் போடுவதற்குப் பதிலாக லேபிள் அதையே 1990ல் அதிகாரபூர்வமாக வெளியிட்டது, உலகம் முழுக்க ஓடியது. அப்படி நடப்பது மிக அபூர்வம். உங்கள் எடிட் உங்கள் யூஎஸ்பியோடு இருக்கட்டும், உண்மையிலேயே நன்றாக வந்திருந்தால் லேபிளுக்கு எழுதிக் கேளுங்கள்.

கடைசி நாள்

யூஎஸ்பி இரண்டு, இரண்டிலும் அதே பாட்டுகள், ஃபேட்32 வடிவத்தில், ஏனென்றால் பழைய சிடிஜே எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. நிகழ்ச்சிக்கு முன் கடைசியாக ஒரு தடவை எல்லாப் பாட்டின் முதல் பதினைந்து நொடியையும் கடைசிப் பதினைந்து நொடியையும் மட்டும் கேளுங்கள். நாற்பது பாட்டுக்கு இருபது நிமிடம் ஆகும், வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயிலில் போகிற நேரமே போதும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு போங்கள்.